ஸ்பேனர் வாங்குவதில் எங்கே சிக்கனம் பிடிக்கலாம்?

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒரு வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஆற்றிய உரை)



மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கத்தில் எஞ்சினும் பவர் டில்லரும் வைத்திருக்கிற விவசாயிகளுக்கும், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலில் கோணியை விரித்து வண்டியைக் கழற்றிப் பூட்டுகிற நேயர்களுக்கும் சேர்த்தே இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வழக்கமாக நான் பேசுவது விதை, உரம், பூச்சி மருந்து. இன்றைக்கு ஸ்பேனர், குறடு, திருப்புளி. விஞ்ஞானப் பட்டம் வாங்கிக்கொண்டு விரிவாக்க மையத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஸ்பேனரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் தகப்பனார் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்தவர். எனக்கு எண்ணும் எழுத்தும் பள்ளிக்கூடத்தில் தெரிந்ததைவிட ஸ்பேனர் தலையில் தெரிந்ததுதான் அதிகம். பத்தைக் காட்டி "இது என்னடா?" என்பார். பதினொன்று என்று சொன்னால் தலையில் குட்டு விழும்.

ஆனால் இந்தப் பேச்சுக்குக் காரணம் என் தகப்பனார் அல்ல. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல். அந்த வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து, மீனவர்களின் படகும் வலையும் கரிப்பிடித்துப்போன அதே வெள்ளம். பொன்னேரிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டிருந்த ஒரு பெரியவரின் கொட்டகையில் 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஒன்று முழுக்க மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் எஞ்சின் வெளியே தலை நீட்டியது. ஆனால் நாற்றங்காலில் தண்ணீர் நிற்கிறது. எஞ்சின் ஓடினால் இறைத்து வெளியே தள்ளிவிடலாம். ஓடாவிட்டால் நாற்று அழுகும்.

பெரியவர் விவரம் தெரிந்தவர். மூழ்கிய எஞ்சினை எடுத்த எடுப்பில் ஹேண்டில் போட்டுச் சுற்றவில்லை. இதை மற்றவர்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அமுக்கும். தண்ணீர் இருந்தால் அமுங்காது. வேகமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். முதலில் ஆயிலை வடிக்க வேண்டும், நாசிலைக் கழற்ற வேண்டும், கையால் மெதுவாகச் சுற்றி உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியேற்ற வேண்டும், பிறகு டீசல் விட்டுக் கழுவிப் புது ஆயில் ஊற்ற வேண்டும். அவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஆயில் டிரெயின் நட்டில் 19 ஸ்பேனரைப் போட்டார்.

அந்த ஸ்பேனர், பிளாட்பாரத்தில் செட்டாகக் கட்டி விற்றதை வாங்கியது. பளபளவென்று இருந்திருக்கிறது. முதல் தடவை இழுத்ததும் நழுவியது. இரண்டாம் தடவை நட்டின் மூலை கொஞ்சம் மழுங்கியது. மூன்றாம் தடவை ஒரு பைப்பைச் சொருகி நீளம் கூட்டிக்கொண்டு இழுத்தார். ஸ்பேனரின் வாய் விரிந்துவிட்டது. போன வேகத்தில் கை எஞ்சின் பாதத்தில் மோதி நடுவிரல் கணுவில் எலும்பு தெரிந்தது. நட்டு உருண்டுவிட்டது. அதற்கு மேல் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அந்த வாரம் எந்த மெக்கானிக் கிடைப்பார்? மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வரைக்கும் மூழ்கின வண்டிகளும் எஞ்சின்களும் வரிசையில் நின்றன. ஐந்தாம் நாள் ஆள் வந்தபோது உள்ளே இருந்த தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டது. லைனர் துருப்பிடித்துவிட்டது, ரிங்குகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. நாற்றங்கால் மொத்தமும் அழுகிப் போயிற்று. நான் வெள்ளச் சேதம் கணக்கெடுக்கப் போனபோது கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். "லைனர், ரிங்கு, ஆள் கூலி, நாற்று எல்லாத்துக்கும் கணக்கு எழுதிக்கிறீங்க சார், ஸ்பேனருக்கு ஏதாவது காலம் இருக்கா உங்க பாரத்துல?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அதே ஊரில் நாலு வீடு தள்ளி இன்னொரு எஞ்சினும் மூழ்கியிருந்தது. அதை அதே நாள் சாயங்காலமே வடித்து, கழுவி, மறுநாள் ஓட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பழைய ரிங் ஸ்பேனர். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார் விட்டுப் போனது.

சரி, இந்த இரண்டு ஸ்பேனருக்கும் என்ன வித்தியாசம்? அரிவாள் அடிக்கிற கொல்லுப்பட்டறையைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். இரும்பு நல்லதாக இருக்க வேண்டும், அடி சரியாக விழ வேண்டும், துவைச்சல் சரியாக இருக்க வேண்டும். துவைச்சல் ஏறிப்போனால் அரிவாள் முறியும், குறைந்தால் மடங்கும். ஸ்பேனரும் அதே கதைதான். நல்ல ஸ்பேனர் கலப்பு எஃகில், பெரும்பாலும் குரோம் வனேடியம் என்கிற எஃகில், அச்சில் வைத்துப் பழுக்க அடித்து, பிறகு துவைத்து, பதமாக்கிச் செய்யப்படுவது. மட்டமானதில் எஃகும் சாதாரணம், துவைச்சலும் அரைகுறை. மேலே பூசுகிற பளபளப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். சொல்லப் போனால் மட்டமானதில்தான் பளபளப்பு ஜாஸ்தி.

இரண்டாவது வித்தியாசம் அளவு. 19 என்று எழுதியிருந்தால் வாய் 19 மில்லிமீட்டருக்கு மயிரிழை கூடுதலாக மட்டும் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் விரிந்திருந்தால்கூட, ஸ்பேனர் நட்டின் பட்டையில் உட்காராது, மூலையில் உட்காரும். மூலையில் உட்கார்ந்து இழுத்தால் மூலைதான் போகும்.

இங்கே இன்னொரு விஷயம். வாய் திறந்த ஸ்பேனர் நட்டின் இரண்டு பட்டையை மட்டும் பிடிக்கிறது. ரிங் ஸ்பேனர் சுற்றி வளைத்து ஆறு மூலையையும் பிடிக்கிறது. வாய் விரிகிற பேச்சே அதில் இல்லை. ஆகையால் இறுகிப்போன நட்டைத் தளர்த்த ரிங், தளர்ந்த பிறகு வேகமாகக் கழற்ற ஓபன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைய வீடுகளில் ஓபன் செட்டு மட்டும்தான் இருக்கிறது. பணம் ஒரு செட்டுக்குத்தான் இருக்கிறது என்றால், நான் ரிங் செட்டைத்தான் வாங்கச் சொல்வேன்.

காசிமேட்டில் விசைப்படகுகளின் லேலண்டு எஞ்சின்களைப் பிரித்து மேய்கிற ஒரு மேஸ்திரியிடம் ஒருமுறை, "மலிவு ஸ்பேனர் வாங்கலாமா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். அவர் சொன்னார்: "இன்னா சார், நட்டு போச்சுன்னா வேற நட்டு கீது. விரலு போச்சுன்னா வேற விரலு கீதா?" இப்படிச் சொன்ன அவர் பெட்டியிலேயே மலிவுச் சாமான் பாதிக்குப் பாதி இருந்தது. அதைத்தான் நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். எல்லாமே உயர்ந்த சாமானாக வாங்க வேண்டும் என்று சொல்பவருக்கு ஒன்று கடை இருக்க வேண்டும், அல்லது கைநிறையக் காசு இருக்க வேண்டும். நமக்கு இரண்டும் இல்லை. தரமான செட்டுக்கும் பிளாட்பார செட்டுக்கும் விலை மூன்று பங்கு, நாலு பங்கு வித்தியாசம் வரும். எதில் காசைப் போடுவது, எதில் பிடித்துக்கொள்வது என்று தெரிந்தால் போதும்.

நான் பார்க்கிற கணக்கு ஒன்றுதான். இந்தச் சாமான் நழுவினால் அல்லது உடைந்தால் என்ன நஷ்டம்? புனல் உடைந்தால் ஆயில் கொஞ்சம் சிந்தும். கம்பி பிரஷ் தேய்ந்தால் வேறொன்று. ஹாக்ஸா பிரேம் மட்டமாக இருந்தால் கொஞ்சம் கை வலிக்கும். ஆனால் பிளேடு மட்டமாக இருந்தால் ஒரு போல்ட்டை அறுக்க நாலு பிளேடு போகும், ஆகவே பிரேமில் சிக்கனம், பிளேடில் வேண்டாம். உளியைக் கடையில் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. லாரிப் பட்டையில் நம் ஊர்ப் பட்டறைக்காரர் அடித்துத் துவைத்துக் கொடுக்கிற உளிக்கு எந்தக் கம்பெனி உளியும் நிற்காது. தலை பூத்துப்போன உளியை மட்டும் அரைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அந்தப் பூவிலிருந்து தெறிக்கிற துணுக்கு கண்ணுக்கு எமன். டூல் பெட்டி, கிரீஸ் டப்பா, ஆயில் கேன், காந்தம், சி கிளாம்ப், இதெல்லாம் மலிவாக வாங்கலாம், தப்பில்லை.

பலம் போட்டு இழுக்கிற சாமான், கைக்கு அருகே இருக்கிற சாமான், மின்சாரத்தைத் தொடுகிற சாமான் மூன்றிலும் மலிவு கூடாது. தினம் கையில் எடுக்கிற அளவுகளில் கூடாது. 10, 12, 13, 14, 17, 19 ஆகிய அளவுகள்தான் நம் வண்டியிலும் எஞ்சினிலும் அடிக்கடி வருபவை. வருஷத்துக்கு ஒருமுறை வேண்டியிருக்கிற 24, 27, 30, 32 போன்ற பெரிய ஸ்பேனர்களை நீங்கள் சொந்தமாக வாங்கவே தேவையில்லை. உங்கள் ஊரில் உழவர் குழு இருந்தால் குழுவுக்கென்று ஒரு நல்ல பெரிய செட்டு, ஒரு பெரிய பைப் ரெஞ்ச், ஒரு பேரிங் புல்லர் வாங்கி ஒருவர் வீட்டில் வைத்து, எடுத்துப் போகிறவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வையுங்கள். நோட்டு முக்கியம். இரவல் போன ஸ்பேனர் திரும்பி வந்த சரித்திரம் எங்கள் தெருவிலும் கிடையாது.

ஸ்க்ரூ ஸ்பேனர் என்று நாம் சொல்கிற அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "ஒன்று வாங்கினால் எல்லா நட்டுக்கும் ஆச்சு" என்று மக்கள் முதலில் வாங்குவது இதைத்தான். மட்டமானதில் இது போல ஆபத்தானது வேறில்லை. தாடை ஆடும், இழுக்க இழுக்கத் திறந்துகொள்ளும். நல்லதாகவே இருந்தாலும், பலம் நிலையான தாடைப் பக்கம் விழுகிற மாதிரி திருப்பிப் போட்டு இழுக்க வேண்டும். எந்த ஸ்பேனரானாலும் தள்ளக் கூடாது, தன்னை நோக்கி இழுக்க வேண்டும். இடமில்லாமல் தள்ளியே ஆக வேண்டுமென்றால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். பைப்பைச் சொருகாதீர்கள். 13 ஸ்பேனர் குட்டையாகவும் 19 நீளமாகவும் இருப்பது அழகுக்காக அல்ல. அந்த நட்டு எவ்வளவு பலம் தாங்குமோ அதற்கேற்ற நீளம் வைத்திருக்கிறார்கள்.

இப்போது கடையில் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். கையோடு ஒரு போல்ட் எடுத்துப் போங்கள். புதிதாக, மூலை மழுங்காததாக இருக்க வேண்டும். ஸ்பேனரை அதில் போட்டு ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு சரி. லொடலொடவென்று ஆடினால் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு தாடையும் இணையாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாடையின் உள்பக்கத்தில் பூச்சு திட்டுத் திட்டாக இருந்தால் அது உரிந்து வரும்; உரிந்த பூச்சு பிளேடு போல விரலைக் கீறும். கனமாக இருந்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. எஃகு சுமாராக இருந்தால்தான் தடிமனைக் கூட்ட வேண்டியிருக்கும். நல்ல ஸ்பேனரின் தலை மெலிந்தே இருக்கும், இடுக்கில் நுழையும்.

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டுகிற விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. ஒரு மெல்லிய தாளை வைத்து வெட்டிப் பாருங்கள், மடங்கிக்கொண்டால் வேண்டாம். திருப்புளியின் முனை உளி போலச் சரிந்து கூராக இருந்தால், திருகும்போது அது தானாகவே காடியை விட்டு மேலே ஏறும். முனை கடைசிப் பகுதியில் சரிவில்லாமல் நேர்ப் பட்டையாக இருக்க வேண்டும். சுத்தியலில் தலைக்கும் காம்புக்கும் நடுவே ஆப்பு இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். காம்பு போனால் வேலங்கட்டையில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மேலே எழுதியிருப்பதை நம்பலாமா? குரோம் வனேடியம் என்று பொறிக்க ஒரு அச்சு இருந்தால் போதும், எஃகு வேண்டியதில்லை. பெயர் பெற்ற கம்பெனியின் எழுத்தில் ஒன்றை மாற்றிப் போட்டு விற்கிறவர்களும் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். நம் நாட்டில் இந்தச் சாமான்களுக்குத் தர நிர்ணயம் இருக்கிறது. வாய் திறந்த ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029, திருப்புளிக்கு ஐ.எஸ். 844. 1947-ல் ஐ.எஸ்.ஐ. என்று ஆரம்பித்து, 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு என்று பெயர் மாறிய நிறுவனம் வகுத்தவை. அந்த எண்ணும் முத்திரையும் இருந்தால் ஒரு பிடிமானம். பில் வாங்கினால் இன்னொரு பிடிமானம். நல்ல கம்பெனிகள் எஃகின் குற்றத்தால் உடைந்த ஸ்பேனரை மாற்றிக் கொடுப்பது உண்டு. பில் இல்லாமல் போய்க் கேட்க முடியாது.

வெளிநாட்டுச் சாமான்தான் உசத்தி என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. நம் நாட்டிலேயே ஜலந்தரிலும் லூதியானாவிலும் தெருத்தெருவாகக் கைக்கருவிகள் செய்கிறார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் போகிறது. ஜலந்தரில் 1983-ல் இதற்கென்றே ஒரு மத்திய நிறுவனம் ஏற்பட்டது. நாசிக்கில் டபாரியா கம்பெனி 1969-ல் சுவீடன் நாட்டுக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு ஆரம்பித்தது. லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போனால் எல்லாத் தரமும் கிடைக்கும். ஒரே ஊரில், ஒரே தெருவில் நல்லதும் செய்கிறார்கள், மட்டமும் செய்கிறார்கள். ஊரைப் பார்த்து வாங்காதீர்கள், சாமானைப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பேனர் நழுவினால் அது மட்டமான ஸ்பேனர் என்றே சொல்லிவிடவும் முடியாது. நம் பகுதியில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. திருவொற்றியூரில் 1956 முதல் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்தார்கள் அல்லவா? அது இங்கிலாந்தில் வரைந்த வண்டி. பழைய புல்லட்டுகளில் பல நட்டுகள் அங்குலக் கணக்கில், விட்வொர்த் என்கிற இங்கிலீஷ் அளவில் இருக்கும். பழைய ஆயில் எஞ்சின்கள் சிலவற்றிலும் அப்படியே. விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கிற எண் வாயின் அளவு அல்ல, போல்ட்டின் பருமன். கால் அங்குலம் என்று எழுதியிருப்பதன் வாய் 13.3 மில்லிமீட்டர் இருக்கும். அந்த நட்டுக்கு 13 நுழையாது, 14 போட்டால் ஆடும், இழுத்தால் உருளும். உலகத்திலேயே விலை உயர்ந்த 14 ஸ்பேனரைப் போட்டாலும் உருளும். அரை அங்குல ஸ்பேனருக்கு வாய் 23.4 வரும். அதனால், தகப்பனார் காலத்து வண்டியோ எஞ்சினோ வைத்திருப்பவர்கள் ஸ்பேனர் வாங்கப் போவதற்கு முன்னால், நட்டின் இரண்டு பட்டைக்கும் நடுவே வெர்னியர் வைத்து அளந்துகொண்டு போங்கள். லேத்துப் பட்டறையில் கேட்டால் அளந்து சொல்வார்கள்.

இந்த விட்வொர்த் ஸ்பேனர்களைப் புதிதாகத் தேடுவதைவிடப் பழைய சாமான் கடையில் தேடுவது மேல். என் தகப்பனார் வைத்திருந்த இங்கிலீஷ் ரிங் ஸ்பேனர் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. 1985-ல் அந்த மார்க்கெட் தீக்கிரையாவதற்கு முன்னால். இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய நல்ல ஸ்பேனர், புது மட்டமான ஸ்பேனரைவிட எத்தனையோ மேல். புதுப்பேட்டைப் பக்கம் பழைய இரும்பில் கண்ணுள்ளவன் பொறுக்கினால் கிடைக்கும். மேல் துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது மண்ணெண்ணெயில் ஊறினால் போய்விடும். வாய் விரிந்திருக்கிறதா, தலையில் கீறல் விட்டிருக்கிறதா, எங்கேயாவது வெல்டிங் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெல்டிங் வைத்த ஸ்பேனர் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். சூட்டில் துவைச்சல் போய்விட்டிருக்கும்.

மின்சாரத்தைத் தொடுகிற சாமானைப் பற்றிச் சொன்னேன். மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறக்கிற விவசாயிகள் கவனமாகக் கேட்க வேண்டும். குறட்டின் கைப்பிடியில் சிவப்போ மஞ்சளோ பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் அது ஷாக் அடிக்காத குறடு என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது கை வழுக்காமல் இருக்கப் போட்டது. மின்சாரத்துக்கென்று சோதித்த குறட்டில் 1000 வோல்ட் என்றும், இரட்டை முக்கோண அடையாளமும் இருக்கும். அது விலை அதிகம்தான். அதை வைத்திருந்தாலும் மெயினை அணைத்து பியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். மும்முனை மின்சாரம் ஈரக் காலை மன்னிக்காது. டெஸ்டரை நம்புகிறவர்கள், முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வேலை செய்கிற இடத்தில் வையுங்கள். செத்துப்போன டெஸ்டரும் "கரண்ட் இல்லை" என்றுதான் சொல்லும்.

கடைசியாக உப்பு. நம் பகுதி கடலோரம். காற்றிலும் உப்பு, மீஞ்சூர்ப் பக்கம் கிணற்றிலும் உப்பு. அங்கே நிலத்தடியில் கடல்நீர் ஏறுவது 1960-களின் கடைசியிலேயே கண்டறியப்பட்டது. அந்தத் தண்ணீர் இறைக்கிற பம்பின் நட்டுகள் ஒரு வருஷத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட நட்டை நல்ல ஸ்பேனரானாலும் எடுத்தவுடன் இழுக்கக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டீசலோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் நட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் அசைத்து, பிறகு கழற்றுங்கள். பூட்டும்போது மரையில் கிரீஸ் தடவினால் அடுத்த தடவை உங்களை நீங்களே வாழ்த்திக்கொள்வீர்கள்.

ஸ்பேனருக்கும் இதே உப்புதான் எதிரி. இதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம், சேர்த்து வைத்த பணத்தில் நல்ல சாக்கெட் செட்டு ஒன்று வாங்கினேன். கடலைப் பார்த்த வீட்டில், மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் ஒரு மழைக்காலம் முழுக்கத் திறந்து பார்க்காமல் வைத்துவிட்டேன். தை மாதம் திறந்தால் ராட்செட் அசையவில்லை, சாக்கெட்டுகளின் உள்ளே பூச்சைத் தாண்டித் துரு. அதே கொட்டகையில் மூலையில் கிடந்த தகப்பனாரின் பழைய ஸ்பேனர்கள் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம், அவர் அவற்றை எண்ணெய்த் துணியில் சுருட்டி வைத்திருந்தார். விலை கொடுத்து வாங்கியதால் தானாகவே காப்பாற்றிக்கொள்ளும் என்று நினைத்தது என் தவறு. வேலை முடிந்ததும் வியர்வையையும் சேற்றையும் துடைத்து, சுத்தமான எஞ்சின் ஆயில் நனைத்த துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து வையுங்கள். பழைய பிட்டர்கள் பெட்டியில் கற்பூரம் போட்டு வைப்பார்கள். போடுவதில் தவறில்லை, பெட்டியும் மணக்கும். ஆனால் எண்ணெய்த் துணியை அதற்குப் பதிலாக விட்டுவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

நூறு சாமான் ஒரே பெட்டியில் என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஏகப்பட்ட பிட்டுகளும் குட்டிக் குட்டி சாக்கெட்டுகளும் சேர்ந்துதான் நூறு. உங்கள் எஞ்சினுக்கு வேண்டியது எட்டோ பத்தோ. அதைவிட, ஒரு தாளில் உங்கள் எஞ்சினில், வண்டியில் எந்தெந்த அளவு நட்டு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, இந்த மாதம் இரண்டு, அறுவடை முடிந்து இரண்டு என்று தனித்தனியாக வாங்குவது கட்டுப்படியாகும்.

வெள்ளத்தில் அடிபட்ட அந்தப் பெரியவர் அப்படித்தான் செய்தார். கை ஆறிய பிறகு ஒருநாள் பாரிமுனை வரைக்கும் என்னோடு வந்தார். பையில் புது போல்ட்டுகள் மூன்று கொண்டுவந்திருந்தார். நாலு கடை ஏறி இறங்கி, ஒவ்வொரு ஸ்பேனராகப் போட்டு ஆட்டிப் பார்த்து, கடைக்காரர் முகம் சுளிக்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு, மூன்றே மூன்று ரிங் ஸ்பேனர் வாங்கினார். மற்ற அளவுகளுக்கு அந்தப் பழைய செட்டே போதும் என்றார். எஞ்சினுக்கு இப்போது புது டிரெயின் நட்டு போட்டிருக்கிறார். போன மாதம் போனபோது பார்த்தேன், வாய் விரிந்த அந்த 19 ஸ்பேனரைக் கொட்டகைத் தூணில் அடித்து, அதில் டீசல் புனலை மாட்டியிருக்கிறார்.